டிக்சன் ருசி பார்த்த பத்தியம்

என் தம்பி டிக்சனை யாராவது நல்லவன் என்று சொன்னால் எனக்கு உடனே சுருக்கென்று கோபம் வரும். நல்லவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொல்லுகிறவர்கள் யாரும் அவனோடு ஒரே சட்டியில் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் கிடையாது. நான் வளர்ந்தவள். அவன் கை வருவதற்குள் என் பங்குத் துண்டை முதலில் வாயில் போட்டுக்கொண்டு, பிறகுதான் சோற்றைப் பிசைவேன். அந்தப் பழக்கம் ஐம்பது வயது தாண்டியும் போகவில்லை.

அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் பைலட் லாஞ்ச் ஓட்டுகிறான். வெளியே வந்து நிற்கிற கப்பலுக்கு வழிகாட்டுகிறவர் பைலட். அவரைக் கப்பலில் ஏற்றிவிடுகிற படகு லாஞ்ச். படகை ஓட்டுவது மட்டும்தான் இவன் வேலை. கல்யாண வீட்டில் இவன் பேச்சைக் கேட்டால், கப்பலையே இவன்தான் காதைப் பிடித்து உள்ளே கூட்டிவருகிறான் என்று நினைப்பீர்கள். "நான் போகாம ஒரு கப்பலும் உள்ள வராது அண்ணாச்சி" என்பான். கேட்கிறவரும் தலையை ஆட்டுவார். அதற்குள் இவன் இலையில் இரண்டாவது முறை பிரியாணி விழுந்திருக்கும்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கம். வருஷா வருஷம் கோயில் பண்டிகைக்கு அங்கே அசனம் நடக்கும். ஏழை பணக்காரன் இல்லாமல் ஊர் முழுக்க வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. எங்கள் கோயிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. குருவானவர் ஜெபம் பண்ணுவதற்கு முன்னால், ஒருவர் எல்லா அண்டாவிலும் ஒரு அகப்பை எடுத்துச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கவேண்டும். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்றால், "பந்தி போடலாம்" என்று சொல்லவேண்டும். எந்தக் காலத்திலோ கூட்டு கெட்டுப்போய் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததாம். அதிலிருந்து வந்த ஏற்பாடு.

பல வருஷமாக அந்த ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் டிக்சனேதான். அவன் வயிறு தாங்கினால் ஊர் வயிறு தாங்கும் என்று கமிட்டிக்காரர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அன்றைக்கு வெள்ளை வேட்டி சட்டையோடு அவன் அண்டாவுக்கு அண்டா நடக்கிற நடையைப் பார்க்கவேண்டுமே! பேராயர் கெட்டார். "பந்தி போடலாம்" என்பதற்கு முன்னால் அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். சாம்பாரைத் தியானிக்கிறான்.

இந்த வழக்கத்தை அவன் வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் கதை.

அவனுக்கு ஒரே பிள்ளை, ஷீஜா. பால்வாடிக்குப் போகிற வயதிலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கையையும் காலையும் வெட்டுகிற வகை இல்லை. நின்றுகொண்டே இருப்பாள், தலை சட்டென்று தொங்கும், அப்படியே முகங்குப்புற விழுவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கு வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். இரண்டு பல் போயிற்று. நெற்றியில் தையல் போட்ட இடத்திலேயே மறுபடி தையல். கடைசியில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் போடும் ஹெல்மெட்டை வாங்கி மாட்டி, ஹெல்மெட்டோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று தூங்கவைத்தது, ஒன்று அழவைத்தது, ஒன்றும் விழுகிறதை நிறுத்தவில்லை.

மதுரையில் பார்த்த டாக்டர்தான் கீட்டோஜெனிக் டயட்டைச் சொன்னார். விவரம் சொல்ல உணவு ஆலோசகர் இந்துமதியிடம் அனுப்பினார். டிக்சன், அவன் மனைவி ஜெபசுதா, நான் மூன்று பேரும் போயிருந்தோம்.

"சோறு, இட்லி, சீனி, பழம் எல்லாம் ரொம்பக் குறைச்சு, கொழுப்பைக் கூட்டிக் குடுப்போம். உடம்பு சர்க்கரைக்குப் பதிலா கொழுப்பை எரிச்சு ஓடும். சில பிள்ளைகளுக்கு அதுல வலிப்பு நல்லா அடங்குது" என்றார் இந்துமதி.

சுதா அளவு என்ன, எத்தனை வேளை, மாத்திரையை நிறுத்தவேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கருப்பட்டியுமா மேடம்?"

"கருப்பட்டியும் கூடாது சார்."

"அது நம்ம ஊரு சாமான்லா. சீனியில சேராதுல்ல?"

"சேரும் சார்."

மனுஷன் முகம் தொங்கிவிட்டது. பிறகு இந்துமதி பக்கவிளைவுகளைச் சொன்னார். இதுவும் மருந்து மாதிரிதான், வீட்டில் இஷ்டத்துக்குச் செய்கிற காரியம் இல்லை. வாந்தி வரலாம், மலச்சிக்கல் வரலாம், சோர்வு இருக்கும். ரத்தத்தில் கொழுப்பு ஏறலாம். வளர்த்தி குறையலாம். சிறுநீரகத்தில் கல்கூட வரலாம். அதனால் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், சத்து மாத்திரை தவறக்கூடாது, சொன்ன நாளில் பரிசோதனைக்கு வரவேண்டும்.

காரில் திரும்பும்போது எட்டயபுரம் தாண்டியதும் டிக்சன் கனைத்துக்கொண்டு சொன்னான்: "சுதா, புள்ள திங்கதை நானும் திங்கேன். முதல்ல நான். எனக்கு ஒண்ணும் செய்யலேன்னாத்தான் அவளுக்கு."

"ஏலே, இது அசனம் இல்லலே" என்றேன்.

"எல்லாம் வயிறுதானக்கா" என்றான்.

ஜெபசுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வேளையும் தின்பதற்கென்றே பிறந்தவன், பிள்ளைக்காகப் பத்தியம் இருக்கிறேன் என்கிறான். கேட்டவர்கள் எல்லாம் உருகாமல் என்ன செய்வார்கள்?

ஷீஜாவை ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பத்தியத்தைத் தொடங்கிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சுதா சமையல் மேடையில் ஒரு சின்னத் தராசு வைத்தாள். நெய்யில் முட்டை, தேங்காயெண்ணெயில் சாளை மீன், கிரீம் ஊற்றிய முட்டைக்கோஸ், எல்லாம் நிறுத்துத்தான். முதல் மாதம் டிக்சன் நிஜமாகவே பத்தியம் இருந்தான், பொய் சொல்லக்கூடாது. தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கருப்பட்டிக் காப்பி இல்லாமல் கண்ணில் தண்ணீர் விட்டான். அப்புறம் மலச்சிக்கல். கக்கூஸுக்குள் போனவன் வெகுநேரம் வெளியே வராமல், உள்ளே இருந்தே "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று குரல் கொடுத்தான். அதே வாரம் ஷீஜாவுக்கும் வந்தது. "பாத்தியா, எனக்கு வந்துதான் அவளுக்கு வந்திருக்கு" என்று இவனுக்கு ஒரே பெருமை. இந்துமதியைப் போனில் கேட்டு, கீரையும் தண்ணீரும் கூட்டி, இரண்டு பேருக்கும் சரியாயிற்று.

அதோடு இவன் சொல் வீட்டில் வேதவாக்காகிவிட்டது. தினமும் காலையில் வயிற்றைத் தடவிக்கொண்டே அறிக்கை வாசிப்பான். "வயிறு நார்மல். தல நார்மல். பந்தி போடலாம்." ஷீஜா சிரித்துக்கொண்டே தட்டை இழுப்பாள்.

வலிப்பும் குறைந்தது. முதலில் பாதியாக, பிறகு எப்போதாவது. ஒரு வாரம் முழுசாக அவள் விழவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சுதா ஹெல்மெட்டைக் கழற்றி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அதைப் பற்றிப் பேசினால் கண் பட்டுவிடுமோ என்று எங்களுக்குப் பயம். அந்த ஹெல்மெட் ஆணியை விட்டு இறங்கக்கூடாது. எங்களுக்கு வேறு ஜெபமே இல்லை.

போன கிறிஸ்மஸுக்குத் தைத்த கவுன் அவளுக்கு இந்தக் கிறிஸ்மஸுக்கும் அளவாக இருந்தது. சுதாதான் அதைப் பார்த்துக் கவலைப்பட்டாள். இவன், "துணிக்காசு மிச்சம்" என்று சிரித்தான். பத்தியம் இருக்கிறவன் மெலியவேண்டாமா? இவன் தொப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. நான் கேட்டதற்கு, "எல்லாம் நெய்யி மதினி" என்று சுதாவே அவனுக்குப் பரிந்து பேசினாள். நானும் விட்டுவிட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் ஷீஜா இடுப்புப் பக்கம் வலிக்கிறது என்றாள். இவன் தன் இடுப்பில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே. கணக்குப் பரீட்சையா இன்னைக்கு?"

பிள்ளை பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வலி என்ற பேச்சே அவள் எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என் வீடு அடுத்த வாசல்தான். "மதினீ!" என்று சுதா போட்ட சத்தத்தில் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். பாத்ரூமில் ஷீஜா நிற்கிறாள். தரையெல்லாம் சிவப்பாகச் சிறுநீர்.

"நான் பீட்ரூட் ஒண்ணும் திங்கல அத்தை" என்றாள் பிள்ளை. திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

"வலிக்கா மக்ளே?"

"அப்பாவுக்கு வலிக்கலல்ல அத்தை?"

"உனக்கு வலிக்கான்னு கேக்கேன்."

"அப்பாவுக்கு வலிக்கலேன்னா எனக்கும் வலிக்காதுல்லா. நான் சும்மா நெனைக்கேனாயிருக்கும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு டிக்சனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆபீஸுக்கு அடித்தால், சாப்பிட வெளியே போயிருக்கிறார் என்கிறார்கள். வெளியேவா? டிபன் பாக்ஸில் நெய் முட்டை கொண்டுபோனானே! சுதாவிடம் காருக்குச் சொல்லச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

துறைமுகச் சாலையில் அய்யாக்குட்டி அண்ணாச்சி கடை இருக்கிறது. மதியத்திலேயே கல்லில் புரோட்டா விழும். கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்து, துறைமுகச் சட்டையில் ஒரு முதுகு. அந்த முதுகை எனக்குத் தெரியாதா? பக்கத்தில் போய் நின்றேன். பிய்த்துப் போட்ட புரோட்டா சால்னாவில் முங்கிக் கிடக்கிறது. ஓரத்தில் ஆம்லெட் வேறு.

"ஏலே!"

வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தான். "அக்கா... இன்னைக்கு ஒரு நாள்தான் அக்கா. தல சுத்துச்சு, அதான்..."

கல்லுக்குப் பின்னால் இருந்து அய்யாக்குட்டி அண்ணாச்சி சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? "வாங்க டீச்சர். தம்பி தினமும் நாலு எடுக்கும். இன்னைக்கு என்னமோ மூணோட நிறுத்திட்டு. நீங்களாவது சொல்லுங்க."

இன்னொரு நாளாக இருந்தால் அவன் தட்டைத் தூக்கி அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். "புள்ளைக்கு மூத்திரத்துல ரத்தம் போகுதுலே" என்றேன். "உனக்கு வலிக்கலியாம். அதனால அவளுக்கும் வலிக்கலியாம். அவளே சொல்லுதா."

அவன் எழுந்தான். கை கழுவவில்லை. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வருகிற வழியெல்லாம் என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். சட்டையெல்லாம் சால்னா. திட்டவேண்டும் என்று எவ்வளவோ வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வண்டியை முறுக்கினேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் சின்னக் கல். டாக்டர் பதற்றப்படவில்லை. இந்த டயட்டில் சில பிள்ளைகளுக்கு வருகிறதுதான் என்றார். கல் சேராமல் இருக்க ஒரு மருந்து எழுதினார். தண்ணீர் இன்னும் கூடவேண்டும், வளர்த்திக்காகச் சாப்பாட்டு அளவையும் மாற்றவேண்டும் என்றார். "அடுத்த ஸ்கேன் வரைக்கும் பாப்போம். கல் பெருசானா டயட்டை நிறுத்தத்தான் வேணும்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. ஆணியில் தொங்குகிற ஹெல்மெட் எல்லார் கண்ணிலும் வந்து நின்றது.

இந்துமதியின் அறைக்குள் போனதும் டிக்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மேடம், எல்லாம் என் தப்பு. நான் புரோட்டா தின்னுட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க புரோட்டா சாப்பிட்டா பாப்பாவுக்கு எப்படி சார் கல் வரும்?"

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்டா, அகப்பை, "பந்தி போடலாம்", ஒன்றையும் விடவில்லை. இந்துமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சுதா சிரிக்கவில்லை. புருஷனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களை யார் சார் சாப்பிடச் சொன்னது? நீங்க ஒழுங்கா நெய் குடிச்சிருந்தாலும் அது இவளுக்குச் சாட்சி ஆகாது. உங்க உடம்பு வேற, இவ உடம்பு வேற. வலிச்சா இவதான் சொல்லணும். சொன்னா நீங்க நம்பணும். அவ்வளவுதான் உங்க வேலை" என்றார்.

வெளியே நாற்காலியில் ஷீஜா தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிக்சன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு தரையில் உட்காருவது அவனுக்குச் சாதாரணக் காரியம் இல்லை.

"ஷீஜா, அப்பா பொய் சொல்லிட்டேன். உன் கூடப் பத்தியம் இருக்கேன்னு சொன்னேன்ல? ஒரு மாசந்தான் இருந்தேன். அதுக்கப்புறம் கடையில புரோட்டா தின்னேன். தினமும்."

பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ எனக்கு வலிச்சது நெசந்தானாப்பா?"

"நெசந்தான் மக்ளே. நெசந்தான்."

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்போ இப்பவும் வலிக்கி" என்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகு காலை அறிக்கை ஷீஜாவினுடையது. எங்கே வலி, எங்கே எரிச்சல், வெளிக்குப் போனாளா, சோர்வா, எல்லாம் அவளே சொல்லுவாள். நாங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கவேண்டும். இடையில் டிக்சன் வாயைத் திறந்தால், "உங்ககிட்ட கேக்கல" என்பாள். பாட்டிலும் கையுமாகத்தான் பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் ஓயாமல் வெளியே போகிறாள் என்று அவள் டீச்சர் குறைப்பட்டபோது, டிக்சன் நேரில் போய் விளக்கினான். திரும்பி வரும்போது டீச்சரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். அவன் சொன்னது, நம்புகிறவர்கள் நம்பலாம். சுதா மட்டும் அவனிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மதியத்துக்கு அவளே சோறும் குழம்பும் கட்டிக்கொடுத்த அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த ஸ்கேனுக்கு ஜெபம் பண்ணிக்கொண்டேதான் போனோம். கல்லைக் காணோம். டயட் தொடரலாம், ஆனால் கவனம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் டிக்சன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் என் மீன் துண்டுகளைத் தின்றதையெல்லாம் அந்த நிமிஷம் மன்னித்துவிட்டேன்.

அந்த வருஷப் பண்டிகைக்கு ஊருக்குப் போனோம். கமிட்டிக்காரர்கள் அகப்பையோடு வந்து கூப்பிட்டார்கள். இவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. என் வயிறு என் வயிறுதான். ஊர் வயித்துக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியாது." அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு ஒருவர் ருசி பார்த்தார். பந்தி போட்டார்கள்.

டிக்சன் ஷீஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முன்னால் சுதா நிறுத்துக் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ். இவன் முன்னால் இலையில் ஆவி பறக்கச் சோறும் சாம்பாரும் கூட்டும். ஊரே சாப்பிட ஆரம்பித்துவிட்டது. இவன் மட்டும் இலையில் கை வைக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

ஷீஜா மீன் துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்கப்பா."

"நீ இத திங்க முடியாம இருக்கயில நான் எப்படி மக்ளே..."

"ஒளிஞ்சு போய்த் திங்காதீங்க. என் முன்னாலயே தின்னுங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அவன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. துடைக்கவில்லை.

"நல்லா இருக்காப்பா?"

"நல்லா இருக்கு மக்ளே. ரொம்ப நல்லா இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு பாட்டிலைத் திறந்து, நிறுத்தாமல் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.